நான் அடைத்த வடிமடை

சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என் மாமியார் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அரிசியில் கல் இல்லாவிட்டாலும் இன்னொரு தடவை புடைத்து வைக்கிற ஆள் நான். திருச்சி ரயில்வே குடியிருப்பில் இந்தக் குணத்துக்கு நல்ல பெயர்தான். பிறந்த ஊரில் அதே குணம் ஒருத்தியின் வயலைப் பறிக்கப் பார்த்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தாயிற்று.

கல்யாணமாகி ஊரை விட்டுப் போனது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டே தடவைதான் வந்தேன். ஒன்று அம்மா சாவுக்கு, இன்னொன்று அப்பா சாவுக்கு. சாவு வீட்டுக்கு வருகிறவளுக்கு ஊர் கண்ணில் படுவதில்லை. காரணம் எதுவும் இல்லாமல் வந்தது அறுபதுகளில் ஒரு ஆனி மாதம். வீட்டுக்காரரை மூன்று வாரப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவில், சிற்றாற்றுக் கால்வாயை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர். சாரலோடு தொடங்கும் கார் நெல், ஐப்பசி மழையோடு தொடங்கும் பிசான நெல், இந்த இரண்டையும் விட்டால் பேச வேறு சங்கதி கிடையாது. நான் போன நேரம் காருக்கு நாற்றுப் பாவுகிற நேரம். கால்வாயின் தலைமாட்டில் இருக்கிற வயல்களில் நாற்று ஏற்கெனவே பச்சை கட்டியிருந்தது. கடைசியில் இருக்கிறவர்கள் அப்போதுதான் விதை முளை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதுதான் குறை. மதினி என்னை விருந்தாளியாக உட்கார வைத்துவிட்டாள். துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கினாள், சட்டியை எடுத்தால் பிடுங்கினாள், நாலு நாளைக்கு வந்த பிள்ளை கையை நனைக்கலாமா என்று சிரித்தாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் எடுத்துக் கொடுப்பாளே தவிர இடத்தைச் சொல்ல மாட்டாள். முதல் நாள் சாயங்காலமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும், வயல்காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பஸ் நிற்கிற இடத்தில் என் கூட்டாளி நின்றுகொண்டிருந்தாள். அவளும் நானும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே வரிசையில் குனிந்து களை பறித்தவர்கள். கையில் ஒரு துணி மூட்டை. புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான், ஒரு நாள் லீவில் புளியறை வரைக்கும் இறங்கி வருகிறான் என்று லாரிக்காரரிடம் சொல்லி விட்டிருக்கிறான், நாலு மாதமாக முகம் பார்க்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அதை விடப் பெரிய சேதி ஒன்றும் வைத்திருந்தாள். தென்காசிக்காரர் ஒருவருடைய வயலில் எட்டு மரக்கால் விதைப்பாட்டை, அதாவது எட்டு மரக்கால் நெல் விதைக்கிற அளவு நிலத்தை, இந்தக் காருக்கு அவள் குத்தகைக்குப் பிடித்திருக்கிறாள். பெண்பிள்ளை குத்தகை எடுப்பதா என்று ஊரில் சிரித்தார்களாம். நிலத்துக்காரர் மட்டும், ஒரு கார் பார்ப்போம் என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த ஒரு காரைக் கோட்டை விட்டால் பிசானத்துக்கு வயல் வேறு கைக்குப் போய்விடும். கூலிக்குக் குனிந்தே முதுகு போயிற்று, இனி என் வயலுக்குக் குனிவேன் என்றாள். புருஷனிடம் கேட்டுக் கற்றதை வைத்து முதல் நாள்தான் தன் கையாலேயே நாற்றுப் பாவினாளாம், தண்ணீரை வடிய விட்டாயிற்று, இனி இரண்டு நாளைக்கு அதுக்கு நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. எந்த வயல் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான் வரப்பேறி நடந்தேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து நாங்கள் பயிர் செய்த வயல் எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். கால்வாயின் கடைசியில், ஒற்றைப் பனைக்குத் தெற்கே ஒரு மூலை. அங்கே நாற்றங்காலில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது, சாரல் தண்ணீர். அதுவும் நிற்காமல் வரப்பில் ஒரு பொத்தல் வழியாகச் சலசலவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்டு வளை. அண்ணன் கண்ணை எங்கே வைத்திருக்கிறான்?

சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நண்டு வளை அடைப்பதுதான் எங்களுக்கு வேலை. வரப்பில் நண்டு துளை போட்டால் அந்த வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், பயிர் காயும், யார் பார்க்கவில்லையோ அவர் முதுகில் அடி விழும். நான் அதில் கெட்டிக்காரி. சேலையைத் தூக்கிச் செருகினேன். புல்லோடு ஒரு மண்கட்டியைப் பெயர்த்து, பொத்தலில் திணித்து, குதிகாலால் நாலு மிதி மிதித்தேன். மேலே தொளிச் சேற்றை வழித்து அப்பினேன். ஒரு சொட்டு கசியவில்லை. ஊருக்கு வந்து ஒரு வேலை செய்தாயிற்று என்ற நிறைவோடு வாய்க்காலில் கை கழுவிவிட்டு வந்தேன். மதினியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் செய்ய விடமாட்டாள்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நாற்றுப் பாவுவது எங்கள் ஊரில் ஆண்கள் வேலை. முளை கட்டிய விதையைத் தெளித்த வயல் பக்கம் மூன்று நாளைக்குப் பெண்பிள்ளைகளை விடவே மாட்டார்கள். நாலாம் நாள் நாங்கள் போகும்போது பச்சை ஊசி ஊசியாக முளைத்து நிற்கும். அதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று நாங்கள் கண்டதில்லை. தெளித்த விதை தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும், அதனால் வரப்பில் வடிமடை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், பெய்கிற மழையும் அந்த வழியாக வடிய வேண்டும். களை பறிக்கத் தெரியும், நடத் தெரியும், அறுக்கத் தெரியும் என்று மார் தட்டுகிற எனக்கு இது தெரியாது. மழையில் ஓரம் கரைந்து உருண்டையாகிப் போன வடிமடை என் கண்ணுக்கு நண்டு வளையாகத் தெரிந்தது.

அன்று மத்தியானம் சாரல் மழையாக மாறியது. மறுநாளும் விடவில்லை. அருவியில் நல்ல தண்ணீர் என்று மதினி என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டத்துக்குள் முட்டி மோதிப் போய் அருவிக்கு அடியில் நின்றேன். திரும்பி வரும்போது ஈரச் சேலையோடு பலாச்சுளை தின்றேன். அந்த இரண்டு நாள் மழையை நான் அவ்வளவு ரசித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் காலையில், கடைசி வயலில் நாற்றங்கால் அழுகிப்போயிற்று என்று ஊருக்குள் பேச்சு வந்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான், நானும் பின்னாலேயே ஓடினேன். ஒற்றைப் பனைக்குத் தெற்கே அதே மூலை. வரப்பில் ஏழெட்டு ஆண்கள். வயலுக்குள் முழங்கால் தொளியில் என் கூட்டாளி நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறாள், துணி மூட்டை வரப்பில் கிடந்தது. தேங்கிய தண்ணீரை ஏற்கெனவே வெளியே திறந்து விட்டிருந்தாள். விதைகள் வெளுத்து, நுரை கட்டி, கை வைத்தால் கூழாகப் போயின. புளித்த நாற்றம் வந்தது. யாரோ மடையை அடைத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருத்தரும் நம்பவில்லை. மழைக்கு வரப்பு சரிந்து மூடியிருக்கும் என்றார் ஒருவர். காவலுக்கு ஆள் போடாமல் புருஷனைப் பார்க்கப் போனால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். பெண்பிள்ளை கையால் பாவிய நாற்று எப்படி விளங்கும் என்று மூன்றாவது ஆள் முடித்துவைத்தார். நான் அண்ணனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் அறியாத ஒரு கதை அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வயல் போன பிசானம் வரைக்கும் எங்கள் குத்தகையில்தான் இருந்தது. அண்ணன் சரியாகப் பார்க்கவில்லை என்று நிலத்துக்காரர் பிடுங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அவமானத்தை எனக்கு அவன் எழுதவில்லை. அவள் இந்தக் காரைத் தாண்ட மாட்டாள், வயல் திரும்பி வரும் என்று இருந்திருக்கிறான். எவ்வளவு உறுதியாக இருந்தான் என்றால், கால்வாய்த் தலைமாட்டில் அவனுக்கு இருந்த இன்னொரு வயலில் தன் நாற்றோடு அந்த எட்டு மரக்கால் விதைப்பாட்டுக்கும் சேர்த்தே பாவி வைத்திருந்தான்.

"நீ வாயைத் தொறக்காத," என்றான். "நீ தெரியாம அடைச்சேன்னு சொன்னா ஊர்ல ஒருத்தன் நம்புவானாட்டி? அண்ணன் சொல்லித்தான் தங்கச்சி அடைச்சான்னுதான் பேசுவான். என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டு நீ ரயிலேறிப் போயிருவ. நான் இங்கன இருக்கணும்."

அவன் சொன்னதில் பிசகு இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. நாளைக்குக் காலையில் நிலத்துக்காரர் வயலைப் பார்க்க வருகிறார், எனக்குத்தான் தருவார், அவளைப் பட்டினி போட மாட்டேன், நடவுக்கும் அறுப்புக்கும் முதல் ஆளாகக் கூப்பிடுவேன் என்றும் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். கூலிக்குக் குனிந்த முதுகை மறுபடி கூலிக்கே குனிய வைப்பேன் என்கிறோமே என்று அவனுக்கு உறைக்கவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க நான் நடந்தேன். இலஞ்சி முருகன் கோயில் வரைக்கும் போனேன், நடை சாத்தியிருந்தது. அங்கிருந்து ரயில் பாதைக்கு வந்து ஸ்டேஷன் பக்கமாக நடந்தேன். சாயங்கால வண்டியைப் பிடித்தால் விடியும்போது இந்த ஊர் எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கும், பெட்டியை அண்ணன் பிறகு அனுப்பிவிடுவான் என்று ஒரு கணக்கு. ஸ்டேஷன் விளக்குக் கம்பம் தெரிந்ததும் திரும்பி நடந்தேன். மறுபடி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். தென்னந்தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவன், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று மரத்தின் மேலிருந்து கேட்டான். அவனிடம் எரிந்து விழுந்தேன். அம்மா சாவுக்கும் அப்பா சாவுக்கும் வந்தது போல இந்தத் தடவையும் எதுவும் கண்ணில் படாமல் வந்து போயிருந்தால் இந்த ஊரோடு இவ்வளவு தொல்லை இருந்திருக்காது என்றுகூடத் தோன்றியது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு எரிச்சல்.

பொழுது சாயும் நேரம் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டாமல் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நண்டு வளை என்று நினைத்ததை, மண்கட்டியை, குதிகாலால் மிதித்ததை, குற்றாலத்தில் குளித்ததை. அடிக்க வருவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் என் கால்களைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னட்டி செய்ய?" என்றாள். "நான் பாவத் தெரியாதவன்னு ஊரே சொல்லுது. நாளைக்கு அவர் வருதார். அவர்கிட்ட சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன். சொல்லும்போதே அண்ணன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன முடியாது என்று அன்று ராத்திரி தலைவலி என்று படுத்துவிட்டேன்.

நிலத்துக்காரர் மறுநாள் குடையோடு வந்து வரப்பில் நின்றார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தமாட்டார். அண்ணன் அவருக்கு ஒரு அடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் தள்ளி நின்றாள். அவர் வயலைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் என்ன பேச இருக்கிறது என்கிறது போல அண்ணன் பக்கம் திரும்பினார். நான் முன்னால் போய்ச் சொன்னேன். மடையை அடைத்தது நான்தான், வயல் எங்களுடையது என்று நினைத்து, வளை என்று நினைத்து அடைத்தேன், அவள் பாவியதில் ஒரு குறையும் இல்லை. தடுமாறாமல் சொல்லி முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். வரப்பில் நின்றவர்களில் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புப் போதும், அண்ணன் பயந்தது நடந்துவிட்டது. இவனுக்குத் தெரியாது, சாமி சத்தியமாகத் தெரியாது என்று நான் எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது.

நடந்தது நடந்துவிட்டது, நாற்று இல்லாமல் எதை நடுவது, இனிப் பாவினால் பருவம் தப்பிவிடும் என்றார் நிலத்துக்காரர். ஆடி பத்துக்குள் நடவு முடிகிற வழி இருந்தால் வயல் அவளிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஏற்பாடுதான் என்றார். வேறு ஏற்பாடு யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். சேலை, பாத்திரம், பலகாரம், ஏதாவது ஒரு சீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இல்லாத வீட்டில்கூடக் கடன் வாங்கிச் செய்வார்கள். பத்துப் பேருக்கு முன்னால் தங்கச்சி வாய் விட்டுச் சீர் கேட்டு இல்லையென்று சொன்ன அண்ணன் எங்கள் பக்கத்தில் கிடையாது. இதை நான் முதல் நாள் ராத்திரி படுத்திருந்தபோது யோசித்து வைத்தேன் என்றால் பெருமையாக இருக்கும். உண்மையில் அந்த நிமிஷத்தில்தான் வாயில் வந்தது.

"அண்ணே, எனக்கு இந்தத் தடவை சேலை வேண்டாம். எனக்குள்ள சீரை நாத்தா தா. தலைமாட்டுல கூடுதலா நிக்கில்லா, அதைத் தா."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்பா செத்த அன்றுகூட அவன் கண் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை. எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டான். அவன் செய்யாத குற்றத்துக்கு அவன் நாற்றாலேயே தண்டம் கட்ட வைத்துவிட்டேன். அதன் பிறகு நான் அங்கே இருந்த பத்து நாளும் அவன் என்னிடம் பேசவில்லை. மதினி சோறு போட்டாள், இப்போது துடைப்பத்தை எடுத்தால் யாரும் பிடுங்கவில்லை. கிளம்புகிற அன்று வண்டிக்கும் அவன் வரவில்லை. அடுத்த பல வருஷங்களுக்குப் பொங்கலுக்கு ஒரு கார்டுகூட வரவில்லை. எனக்கு அது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வலித்தது.

ஆனால் நடவு ஆடி எட்டாம் தேதி நடந்தது. காலையிலேயே அண்ணன் வயலில் நாற்றுப் பறித்து, முடி முடியாகக் கட்டி, தலையில் சுமந்து கடைசி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் சுமந்தேன். கழுத்து வழியாகச் சேற்றுத் தண்ணீர் முதுகில் இறங்கியது. பெண்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக வயலில் இறங்கினார்கள். நாற்று முடியை இறக்கி வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு நானும் ஒரு காலைத் தொளியில் வைத்தேன். சின்ன வயதில் எங்கள் வரிசையில் என்னை விட வேகமாக நட ஆள் கிடையாது. அந்த ஒரு நாளுக்காகவே பத்து நாளாகச் சோறு இறங்காமல் காத்துக் கிடந்தேன் என்று சொல்லலாம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த நாற்றைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு என்னருகே வந்தாள்.

"நீ இறங்காண்டாம்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "நீ தெரியாமத்தான் செஞ்ச. எனக்குத் தெரியும், சத்தியமாத் தெரியும். ஆனா நாளைக்கு இதுல ஒரு நாத்து கரிஞ்சாலும் உன் கையைத்தான் நெனப்பேன். அப்படி நெனைக்க எனக்கு மனசில்ல. வரப்புலயே இரு."

நான் காலை எடுத்தேன். அவள் திரும்பிப் போய் வரிசையில் தன் இடத்தில் குனிந்தாள். பன்னிரண்டு முதுகுகளும் பின்னோக்கி நகர்ந்தன, அவர்களுக்கு முன்னால் வயல் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. மத்தியானத்துக்கு மேல் சாரல் விழுந்தது, யாரும் நிமிரவில்லை. கடைசி முடி தீரும் வரைக்கும் நான் வரப்பில் நின்றேன்.